வியூக விளையாட்டுக்கள் விலைபோகுமா?

(சங்கத்தின் வாலிபர் அரங்கிலே நிகழ்த்திய சொற்பொழிவு)

இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் இம்மேடைக்குப் புதியது. தலைப்பைக் கேட்டதும் செயலாளர் அவர்கள் சிறிது நேரம் மௌனமாக இருந்தார்கள். பின்னர், “தம்பி, விளையாட்டு விளையாட்டுத்தானே, அதிலே ஒரு மணித்தியாலம் பேசுவதற்கு என்ன இருக்கிறது?” என்று கேட்டார்கள். அவர்களுடைய ஐயம் நியாயமானது. ஆனால் இன்று உலகில் மிகப் பெருந்தொகைப் பணம் புரளும் தொழில்களுள் வீடியோ விளையாட்டுத் தொழிலும் ஒன்று. அத்தொழிலிலே இறங்க விரும்பும் வாலிபர் இச்சபையிலும் இருக்கின்றனர். ஆதலின் இது பொழுதுபோக்கைப் பற்றிய பேச்சு மாத்திரமன்று. பிழைப்பைப் பற்றிய பேச்சுமாகும்.

இப்பொருளை எடுத்ததற்குக் காரணம் ஒன்றுண்டு. பல்கலைக்கழகத்திலே எம்முடன் பயிலும் மூவரும் நாமுமாக நால்வர் சேர்ந்து கணினி விளையாட்டு ஒன்றை ஆக்க முற்பட்டிருக்கிறோம். ஒரு குளம், அதன் கீழ் ஐந்து கிராமங்கள், மழை பொய்த்த ஒரு போகம். குளத்து நீரை எவ்வெவ் வாய்க்காலுக்கு எத்தனை நாள் திறந்துவிடுவது என்பதே ஆட்டம். ஒரு கிராமத்துக்குக் கூடுதலாகக் கொடுத்தால் மற்றைக் கிராமத்துப் பயிர் கருகும். எல்லோருக்கும் சமமாகக் கொடுத்தால் ஒருவருக்கும் போதாது. இத்திட்டத்தை வர்த்தகத்திலே அனுபவம் மிக்க ஒருவரிடம் எடுத்துச் சென்றோம். அவர் அன்போடு கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “பிள்ளைகளே, நல்ல யோசனைதான். ஆனால் இதை யார் வாங்குவான்? அந்தக் கிராமத்தவன் கையிலே ஒரு துவக்கைக் கொடுங்கள்; பிறகு வாருங்கள்” என்றார்.

அவர் சொன்னது எம்மைப் பல நாள் உறங்கவிடவில்லை. அவர் சொன்னது சரியா, பிழையா? சரியானால் நாம் எமது திட்டத்தைக் கைவிட வேண்டும். பிழையானால், ஏன் பிழை என்று காட்ட வேண்டும். அதனைத் தேடிப் பார்த்ததன் பயனே இச்சொற்பொழிவு.

முதலிலே, பெரியோர்களின் பொருட்டு, விளையாட்டுக்களின் வகையைச் சிறிது விளக்குவோம். வீடியோ விளையாட்டுக்களிலே பெருங்கூட்டத்தை ஈர்ப்பவை அதிரடி விளையாட்டுக்கள். அவற்றுள்ளும் சுடும் விளையாட்டு முதன்மையானது. ஆடுபவன் ஒரு போர்வீரனின் கண்ணாலே பார்க்கிறான்; எதிரியைக் கண்டதும் சுடுகிறான். கண்ணும் கையும் விரைந்து தொழிற்பட வேண்டும். மற்றொரு வகை வியூக விளையாட்டு. இதிலே ஆடுபவன் போர்வீரனல்லன். தளபதி, அல்லது அரசன், அல்லது நகரத்தின் அதிபதி. எங்கே படையை நிறுத்துவது, எந்த நிலத்தை உழுவது, எப்போது சமாதானம் பேசுவது என்று அவன் எண்ணிப்பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். சதுரங்கம் இதன் மூதாதை. நாயும் புலியும் இதன் நெருங்கிய உறவு.

எம் பாட்டனார் திண்ணையிலே கரிக்கட்டியாற் கோடு கீறி நாயும் புலியும் ஆடுவதை நாம் சிறுவயதிலே பார்த்ததுண்டு. வெளியிலே கிளித்தட்டு நடந்தால் ஊரே கூடிநிற்கும். திண்ணையிலோ நான்கு பேர் இருப்பார்கள். கூட்டத்தை எண்ணுபவன் கிளித்தட்டே சிறந்தது என்பான். ஆனால் பொழுதுபட்டதும் கிளித்தட்டுப் பார்த்தவர் கலைந்து வீடு செல்வர். திண்ணையில் இருந்த நால்வரோ விளக்கேற்றிய பின்னும் எழும்பமாட்டார்கள். மறுநாளும் வருவார்கள். மறுவருடமும் வருவார்கள். தலையை எண்ணுவது ஒரு கணக்கு; நாளை எண்ணுவது இன்னொரு கணக்கு. இவ்விரண்டையும் மனத்திலே வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

எமக்குப் பாதகமான கணக்கை முதலிலே ஒளியாமற் சொல்லிவிடுகிறோம். 2009 நவம்பரிலே “கோல் ஒவ் டியூட்டி” வரிசையைச் சேர்ந்த ஒரு சுடும் விளையாட்டு வெளிவந்தது. முதல் ஐந்து நாளிலே அது ஈட்டியது ஏறத்தாழ 55 கோடி அமெரிக்க டொலர். 2011இல் வெளிவந்த அதன் அடுத்த பாகம் அதே ஐந்து நாளிலே 77 கோடியே 50 இலட்சம் டொலரை ஈட்டியது. 2013 செப்டெம்பரில் வெளிவந்த “கிராண்ட் தெப்ட் ஓட்டோ 5” மூன்றே நாளில் 100 கோடி டொலரைத் தாண்டியது. வியூக விளையாட்டிலே தலைசிறந்ததெனப் பெயர்பெற்ற “ஸ்டார்கிராப்ட்” விளையாட்டின் இரண்டாம் பாகமோ, 2010 ஜூலையில் வெளிவந்து, முதல் மாதத்திலே விற்றது 30 இலட்சம் பிரதிகள். அதே கம்பனிக் குடும்பத்திலிருந்து அதே ஆண்டு நவம்பரில் வந்த சுடும் விளையாட்டு, வட அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் மாத்திரம், ஒரே நாளில் 56 இலட்சம் பிரதிகள் விற்றது. ஒரு மாதத்து விற்பனையை ஒரு நாள் விற்பனை மிஞ்சிவிட்டது. இதற்குமேல் எதிர்வாதம் செய்ய என்ன இருக்கிறது?

இவ்வேறுபாட்டுக்குக் காரணங்களும் வெளிப்படையானவை. சுடும் விளையாட்டைக் கற்பதற்கு ஐந்து நிமிடம் போதும். வியூக விளையாட்டுக்கு ஒரு வாரமும் போதாது. சுடும் விளையாட்டை அரைநிமிட விளம்பரத்திலே காட்டினாலே பார்ப்பவனுக்கு ஆசை பிறக்கும். வியூக விளையாட்டைக் காட்டினால் ஒருவன் நிலப்படத்தைப் பார்த்து நாடியைத் தடவிக்கொண்டிருப்பதுதான் தெரியும். மேலும், சுடும் விளையாட்டுக்குத் தொலைக்காட்சியோடு இணைத்த கருவியின் கைப்பிடி போதுமானது. நூறு போர்வீரரை ஒரே நேரத்தில் ஏவும் வியூக விளையாட்டுக்கோ கணினியின் சுட்டியும் விசைப்பலகையும் வேண்டும். ஆகவே கணினி மேசைக்கு முன்னே இருப்பவனே அதற்கு வாடிக்கையாளன். கூடத்திலே சாய்ந்திருப்பவன் அல்லன்.

இக்கணக்கைப் பார்த்து மயங்கிய ஒரு பெரிய கம்பனியின் கதையை இனிச் சொல்கிறோம். இது நடந்த கதை. இப்பேச்சின் நடுநாயகமும் இதுவே.

1994இலே இங்கிலாந்தைச் சேர்ந்த ஜூலியன் கொலப் என்பவர் தம் சகோதரரோடு சேர்ந்து ஆக்கிய “எக்ஸ்-கொம்” என்னும் விளையாட்டை மைக்ரோபுரோஸ் கம்பனி வெளியிட்டது. வேற்றுலகத்தவர் பூமியைத் தாக்குகின்றனர். ஆடுபவன் ஒரு சிறு படையை அமைத்து அவர்களை எதிர்க்க வேண்டும். சதுரங்கத்திற்போல ஒருவர் மாறி ஒருவர் காய்நகர்த்தும் ஆட்டம் அது. தவறான ஓர் அடி வைத்தால், நெடுநாள் பழக்கி வளர்த்த வீரன் மாண்டுபோவான், மாண்டவன் மாண்டவனே. இவ்வளவு கடினமான ஆட்டத்தை ஆயிரக்கணக்கானோர் நெஞ்சார நேசித்தார்கள். 2001இலே அப்பெயரைத் தாங்கி ஒரு சுடும் விளையாட்டு வெளிவந்தது, அது எடுபடவில்லை. அதன்பின் பல ஆண்டு அப்பெயரில் ஒன்றும் வரவில்லை.

2010 ஏப்ரலில், அப்பெயரின் உரிமையைப் பெற்றிருந்த 2கே என்னும் வெளியீட்டுக் கம்பனி, எக்ஸ்-கொம் மீண்டும் வருகிறது என்று அறிவித்தது. பழைய அன்பர்கள் துள்ளி எழுந்தார்கள். ஆனால் வரப்போவது சுடும் விளையாட்டு என்று அறிந்ததும் அவர்களுடைய மகிழ்ச்சி கோபமாக மாறிற்று. 2011இலே அக்கம்பனியின் தலைவர் கிறிஸ்டோப் ஹார்ட்மன் ஒரு பேட்டியிலே தம் முடிவுக்குக் காரணம் கூறினார்: வியூக விளையாட்டு இக்காலத்துக்கு ஏற்றதன்று என்பதே அதன் சாரம். எமது திட்டத்தைக் கேட்ட வர்த்தகர் சொன்னதும், கடல் கடந்த அக்கம்பனித் தலைவர் சொன்னதும் ஒன்றேயன்றோ?

ஆனால் அதே குழுமத்தைச் சேர்ந்த பிராக்ஸிஸ் என்னும் ஆக்கக்கூடத்திலே ஜேக் சொலமன் என்பவரின் தலைமையில் ஒரு குழுவினர், சந்தடியின்றி, பழைய முறையிலேயே ஒரு புதிய எக்ஸ்-கொம்மை ஆக்கிக்கொண்டிருந்தார்கள். 2012 ஜனவரியில் அது அறிவிக்கப்பட்டது, அக்டோபரில் வெளிவந்தது. முறைமாறி ஆடும் ஆட்டம். மாண்டவன் மாண்டவனே என்ற அதே கொடிய விதி. அவர்கள் மாற்றியது கருவை அன்று, கதவை மாத்திரமே. கற்கும் வழியை எளிதாக்கினார்கள். கைப்பிடிக் கருவியாலும் ஆடக்கூடியதாக அமைத்தார்கள். விமரிசகர் போற்றினர், மக்கள் வாங்கினர். மறுவருடம் விரிவாக்கமும் கைத்தொலைபேசிப் பதிப்பும் வந்தன. 2016 பெப்ரவரியில் இரண்டாம் பாகம் வந்தது.

அந்தச் சுடும் விளையாட்டு என்ன ஆயிற்று? பெயர் மாறி, உருமாறி, 2013 ஓகஸ்டில் “த பியூரோ” என்று வெளிவந்தது. பழைய அன்பர் அதனைத் தம்முடையதாகக் கொள்ளவில்லை. சுடும் விளையாட்டுப் பிரியர்களுக்கோ அதனிலும் சிறந்தவை கடையிலே கிடந்தன. அதனை ஆக்கிய கூடத்திலே அந்த ஒக்டோபர் மாதமே பலர் வேலை இழந்தனர். பறக்கிறதைப் பிடிக்க இருக்கிறதை விட்டது போல என்று எம்மூர்க் கிழவிகள் சொல்வது இதனைத்தான்.

நண்பர்களே, கூட்டம் நிறைந்த சந்தையிலே வாங்குவோர் மாத்திரம் நிறைந்திருப்பதில்லை, விற்போரும் நிறைந்திருக்கின்றனர். இதனைத் தலைவர்கள் பலர் மறந்துவிடுகின்றனர். 2024 ஓகஸ்ட் 23ஆந் திகதி சோனி கம்பனி “கொன்கோர்ட்” என்னும் சுடும் விளையாட்டை வெளியிட்டது. பல ஆண்டுகள் உழைத்து, பெரும் பொருள் செலவிட்டு ஆக்கிய விளையாட்டு அது. ஆடுவோர் வரவில்லை. இரண்டு கிழமைக்குள், செப்டெம்பர் 6ஆந் திகதி, அதனை மூடிவிட்டு, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதனை ஆக்கிய கூடமும் ஒக்டோபரிலே மூடப்பட்டது. மக்கள் விரும்பும் வகையைச் சேர்ந்தது என்பது ஒன்றே ஒரு விளையாட்டைக் காப்பாற்றிவிடாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

அவ்வாறாயின் வியூக விளையாட்டு எவ்வாறு பிழைக்கிறது? எமக்குத் தென்பட்ட காரணங்கள் நான்கு.

முதலாவது, செலவு. சுடும் விளையாட்டிலே ஆடுபவனின் கண் ஒவ்வொரு சுவரையும் ஒவ்வொரு முகத்தையும் அண்மையிலிருந்து பார்க்கிறது. ஆதலின் ஒவ்வொன்றையும் ஓவியர் பலர் நுணுக்கமாகத் தீட்ட வேண்டும். வியூக விளையாட்டின் உயிர் அதன் விதிகளிலே இருக்கிறது. நல்ல விதிகளை ஆக்கப் பெருங்கூட்டம் தேவையில்லை. நல்ல மூளைகள் சில போதும். 2012இலே ஜஸ்டின் மா, மத்தியூ டேவிஸ் என்னும் இருவர், விண்கலம் ஒன்றை நடத்தும் வியூக விளையாட்டை முடிப்பதற்காகப் பொதுமக்களிடம் 10,000 டொலர் கேட்டார்கள். மக்கள் கொடுத்தது 2 இலட்சம் டொலருக்கு மேல். 2018இலே அவர்கள் வெளியிட்ட அடுத்த விளையாட்டு, எட்டுக்கு எட்டு என்ற கட்டங்களிலே ஆடப்படுவது. எங்கள் சதுரங்கப் பலகையின் அளவு! படம் சிறிது, விதி பெரிது. அதுவும் பெரும் புகழ் பெற்றது.

பின்லாந்து நாட்டிலே கொலோசல் ஓர்டர் என்ற சிறு கூடத்தினர், ஏறத்தாழப் பதின்மூன்று பேர், நகரமைக்கும் விளையாட்டொன்றை ஆக்கி 2015 மார்ச் 10ஆந் திகதி வெளியிட்டார்கள். “சிற்றீஸ்: ஸ்கைலைன்ஸ்” என்பது அதன் பெயர். முதல் நாளிலே 2 இலட்சத்து 50 ஆயிரம் பிரதிகளும், ஒரு மாதத்துக்குள்ளே 10 இலட்சம் பிரதிகளும் விற்றன. கோல் ஒவ் டியூட்டியோடு ஒப்பிட்டால் இது கடுகளவு. பதின்மூன்று பேரின் சம்பளத்தோடு ஒப்பிட்டாலோ மலையளவு. விற்பனையை விற்பனையோடு ஒப்பிடுவது பிழை; விற்பனையைச் செலவோடு ஒப்பிடுவதே வணிகம்.

இரண்டாவது, ஆயுள். சுடும் விளையாட்டு வாழை போன்றது; ஒரு குலை போட்டதும் அடுத்த கன்றைப் பார்க்க வேண்டும். வியூக விளையாட்டு பனை போன்றது. “ஏஜ் ஒவ் எம்பயர்ஸ்” என்னும் விளையாட்டின் இரண்டாம் பாகம் 1999இலே வெளிவந்தது. 2013இலே புதுக்கப்பட்டது. அதற்கு முன்பே ஆர்வலர் சிலர் தாமாகவே புதிய நாகரிகங்களை ஆக்கிச் சேர்த்து வந்தனர். அவர்களுடைய வேலையையே கம்பனி ஏற்று, அதே ஆண்டில் அதிகாரபூர்வமான விரிவாக்கமாக வெளியிட்டது. 2019இலே மீண்டும் புதுப்பதிப்பு. 2022 ஏப்ரலில் வந்த விரிவாக்கத்திலே “திராவிடர்” என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, இராசேந்திர சோழன் படையெடுப்பும் ஒரு கதைத்தொடராக இடம்பெற்றது. அவ்விரிவாக்கத்திலே போர்வீரன் தமிழிலே மறுமொழி சொல்கிறான். தஞ்சைப் பெருங்கோயில் அப்பிரிவின் அதிசயமாக நிற்கிறது. நாம் அதனை முதன்முதல் எம் மைத்துனர் வீட்டுப் பழைய கணினியிலே ஆடியபோது, கணினியிலிருந்து தமிழ் கேட்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை. நாம் பிறப்பதற்கு முன் வெளிவந்த ஒரு விளையாட்டுக்கு இன்றும் புதிய பாகம் ஆக்கி விற்க முடிகிறதென்றால், அதனை விலைபோகாத சரக்கென்று எவ்வாறு சொல்வது?

மூன்றாவது, விசுவாசம். வியூக விளையாட்டைக் கற்க ஒருவன் பல வாரம் செலவிடுகிறான். கற்ற வித்தையை அவன் இலகுவில் விட்டுவிடமாட்டான். ஆதலின் அவனுக்குப் புதிய நிலப்படம், புதிய காலம், புதிய விதி என்று ஆண்டுதோறும் விற்கலாம். சுவீடனிலே ஸ்டொக்ஹோம் நகரத்துப் பரடொக்ஸ் கம்பனி இந்த வழியிலேயே வளர்ந்தது. 2013இல் வெளியிட்ட “யூரோப்பா யூனிவேர்சாலிஸ் 4” விளையாட்டுக்குப் பத்தாண்டுக்கு மேலாக விரிவாக்கங்களை விற்றது. 2020 செப்டெம்பரில் வெளியிட்ட “குருசேடர் கிங்ஸ் 3” ஒரே மாதத்தில் 10 இலட்சம் பிரதிகளைத் தாண்டியது. இடைக்கால அரசர்களின் கல்யாணத்தையும் வாரிசுரிமையையும் பற்றிய விளையாட்டு அது.

நான்காவது, கடை. முன்னாளிலே விளையாட்டுக்கள் பெட்டியிலே அடைத்துக் கடைத் தட்டிலே வைத்து விற்கப்பட்டன. கடைக்காரனுக்குத் தட்டிலே இடம் குறைவு. வேகமாக விற்பதைத்தான் வைப்பான். மெதுவாக, ஆனால் நெடுநாள் விற்பதற்கு அங்கே இடமில்லை. 2003இலே தொடங்கிய ஸ்டீம் போன்ற இணையக் கடைகளுக்குத் தட்டு இல்லை. ஆதலின் இடநெருக்கடியும் இல்லை. ஓர் ஊரிலே பத்துப் பேர்தான் வாங்குவார்கள் என்றாலும், உலகத்து ஊர்களையெல்லாம் கூட்டினால் அது பெருந்தொகையாகிறது. திண்ணையிலே இருந்த நால்வர் இன்று உலகமெங்கும் ஒருவரையொருவர் கண்டுகொண்டனர்.

இத்துடன் முடித்தால் ஒரு பக்கத்தை மாத்திரம் பேசியவர்களாவோம். வியூக விளையாட்டை ஆக்கியவர்களெல்லாம் வாழ்ந்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. 1992இலே “டூன் 2” என்ற விளையாட்டின் மூலம் நிகழ்நேர வியூக ஆட்டத்துக்கு வடிவம் கொடுத்த வெஸ்ட்வூட் கூடம் 2003இலே மூடப்பட்டது. ஏஜ் ஒவ் எம்பயர்ஸை ஆக்கிய என்செம்பிள் கூடத்தை மூடுவதென்று அதன் உரிமையாளராகிய மைக்ரோசொப்ட் 2008இலே தீர்மானித்தது. அக்கூடத்தின் கடைசி விளையாட்டு 2009 தொடக்கத்தில் வெளிவந்து 10 இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றபோது, கூடம் ஏற்கெனவே மூடப்பட்டுவிட்டது. எக்ஸ்-கொம்மை மீட்ட அதே பிராக்ஸிஸ், 2022 டிசம்பரிலே மார்வெல் வீரர்களை வைத்து வெளியிட்ட வியூக விளையாட்டை விமரிசகர் பாராட்டினர். ஆனால் விற்பனை எதிர்பார்த்த அளவை எட்டவில்லை. பின்லாந்துக் கூடத்தினர் 2023 ஒக்டோபரில் தம் விளையாட்டின் இரண்டாம் பாகத்தை முற்றுப்பெறாத நிலையிலே வெளியிட்டு, நெடுநாள் அன்பரின் வெறுப்பையே தேடிக்கொண்டனர். விசுவாசம் மிக்க வாடிக்கையாளன் கோபித்தால் அவனுடைய கோபமும் நீண்ட ஆயுளுடையது.

இன்னொரு கேள்வியும் உண்டு. வியூக விளையாட்டின் பெருஞ்செல்வத்தை அதன் பிள்ளைகள் கொண்டுபோய்விட்டன என்று சிலர் சொல்வர். இதிலே உண்மையுண்டு. 1998இலே வெளிவந்த ஸ்டார்கிராப்ட் தென்கொரியாவிலே பெரு வெற்றி பெற்றது. 1997ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் அந்நாட்டின் தெருக்களிலே கணினிக் கடைகள் பெருகின. அதிவேக இணையமும் பரவிற்று. அங்கே இளைஞர் கூடி ஆடியது இவ்விளையாட்டையே. 2009இன் தொடக்கம்வரை உலகெங்கும் விற்ற 95 இலட்சம் பிரதிகளிலே ஏறத்தாழ 45 இலட்சம் அச்சிறு நாட்டிலே விற்றவை. 2000ஆம் ஆண்டிலே விளையாட்டுக்கென்றே அங்கு ஒரு தொலைக்காட்சி தொடங்கியது. எண்ணிப்பார்த்து ஆடும் ஆட்டத்தையும் கிளித்தட்டைப் போலக் கூட்டம் கூடிப் பார்க்கும் என்பதை உலகுக்குக் காட்டியவர்கள் கொரியரே.

அந்த ஆட்டத்துக்கும், 2002இல் வந்த “வார்கிராப்ட் 3” ஆட்டத்துக்கும், ஆர்வலர் தாமே நிலப்படங்களை ஆக்கினர். அவற்றுள் ஒன்றிலே, படை முழுவதையும் ஏவுவதற்குப் பதிலாக ஒரு வீரனை மாத்திரம் ஏவும் புதுமுறை பிறந்தது. அதிலிருந்தே 2009இல் “லீக் ஒவ் லெஜென்ட்ஸ்” என்பதும், 2013இல் “டோட்டா 2” என்பதும் தோன்றித் தாயை மிஞ்சிப் பெருகின. டோட்டாவின் 2021ஆம் ஆண்டு உலகப் போட்டியின் பரிசுத்தொகை 4 கோடி டொலருக்கு மேல். ஆனால் பிள்ளை செல்வந்தனானான் என்பதால் தாய் மலடி என்று சொல்லலாமா? வியூக விளையாட்டை ஒருவரும் ஆக்காதிருந்தால் அச்செல்வம் எங்கிருந்து பிறந்திருக்கும்?

இவற்றையெல்லாம் நிறுத்துப் பார்த்து நாம் கண்ட முடிவு இதுதான். வியூக விளையாட்டு விலைபோகும். ஆனால் தன் அளவிலே விலைபோகும். தன் வாடிக்கையாளர் எத்தனை பேர் என்று அறிந்து, அவர்கள் தரக்கூடிய பணத்துக்குள்ளே ஆக்கி, முற்றுப்பெற்ற பொருளாகக் கொடுத்து, ஆண்டுகள் பல காத்திருப்பவனை அது கைவிடாது. சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்பது வீட்டுக்கு மாத்திரம் சொன்ன வார்த்தையன்று. மற்றவனுடைய பெருவிற்பனையைக் கண்டு அதைப்போலச் செலவழிப்பவனும், அதைப்போலத் தன் பொருளை மாற்றுபவனும் புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதையாவான்.

எமக்கு அறிவுரை கூறிய வர்த்தகப் பெரியவரை நாம் குறைகூறவில்லை. தலையை எண்ணும் கணக்கிலே அவர் சொன்னது முற்றிலும் சரி. நாளை எண்ணும் கணக்கும் ஒன்றுண்டு என்பதையே நாம் அவருக்குப் பணிவோடு சொல்ல விரும்புகிறோம். அவரிடம் ஒரு நன்மையும் கற்றோம். எமது விளையாட்டைக் கற்பதற்கு அப்போது ஒரு முழுநாள் வேண்டியிருந்தது. அதனால்தான் அவருக்கு அதன் சுவை புலப்படவில்லை. இப்பொழுது முதல் வாய்க்காலைத் திறப்பதற்கு மூன்று நிமிடம் போதும். கதவை அகலமாக்கினோம்; வீட்டை இடிக்கவில்லை. கிராமத்தவன் கையிலே துவக்கும் இல்லை, மண்வெட்டிதான் இருக்கிறது.

அது விலைபோகுமா என்பது இனித்தான் தெரியும். போகாவிட்டால் அக்குற்றம் எமது விதிகளுடையதும் எமது உழைப்பினுடையதுமாகும், வகையினுடையதாகாது. இச்சபையிலே சித்திரம் தீட்டக்கூடியவர், இசையமைக்கக்கூடியவர், கணக்கிலே வல்லவர் இருக்கின்றனர். இத்தொழிலுக்கு வர எண்ணும் தம்பி தங்கையருக்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றே: எதனை எல்லோரும் வாங்குகிறார்கள் என்று மாத்திரம் கேளாதீர்கள், எதனை வாங்கியவர் பத்தாண்டு கழித்தும் வைத்திருக்கிறார் என்றும் கேளுங்கள்.

பெரியோர்களிடமும் ஒரு வேண்டுகோள். குளத்து நீரை எவ்வாறு பங்கிட்டார்கள், வாய்க்கால் முறை எவ்வாறு வைத்தார்கள் என்பதை அனுபவத்தால் அறிந்தவர் உங்களிலே இருப்பீர்கள். அந்த முறைகள் எமது விளையாட்டுக்கு வேண்டும். கூட்டம் முடிந்த பின் எம்மோடு சிறிது நேரம் இருந்து சொல்லுவீர்களாயின், அதுவே எமக்குக் கிடைக்கும் முதல் முதலீடாகும்.